மாத்துக்கல்லில் நடந்தது

கை நழுவவில்லை. பக்கத்து வீட்டு அம்சா தெருக்குழாயில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னாலும் நழுவவில்லை. "உங்க தாத்தா பண்ணைக்காரம்மாவ மலையில போட்டுட்டு ஓடிப்போன ஆளுதான?" என்று என் பேத்தியிடம் கேட்டாளாம். அம்சாவுக்கு என்ன தெரியும்? அவள் அப்போது பிறக்கவே இல்லை. அவளுக்கு அவள் மாமியார் சொல்லியிருப்பாள், மாமியாருக்கு அவளுடைய மாமியார் சொல்லியிருப்பாள். அவர்களில் ஒருத்தியாவது அன்றைக்கு மலை ஏறினாளா? நான் ஏறினேன். மாத்துக்கல்லுக்குக் கீழே ஆறாவது படியில், தலையில் விறகும் இடுப்பில் குடமுமாக நின்றேன். அவர் கையையும் பார்த்தேன், மூங்கிலையும் பார்த்தேன்.

ஓடிப்போனார் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடுகிறவன் ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்து ஓடுவான். அவர் பட்டப்பகலில், தெருவில் எல்லாரும் இருக்கும்போது நடந்து போனார். போனவர் திரும்பவில்லை, அது உண்மை. அந்த வைகாசியில் பிறந்த மகளின் முகத்தையும் அவர் பார்க்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் ஏன் போனார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது பண்ணை இல்லை, பண்ணைக்காரர்களும் இல்லை, நிலமெல்லாம் கைமாறிவிட்டது. இனிமேல் நான் சொன்னால் யார் வந்து யார் கூரையைக் கொளுத்தப்போகிறார்கள்?

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன். அவர் பேர் மாசிலாமணி.

திண்டிவனத்துக்கு மேற்கே அரைநாள் நடை தூரத்தில் கல்மேடு. அந்தச் சேரியில் பிறந்தவர். சேரியில் எல்லாருக்கும் சுப்பராயலு பண்ணையில்தான் வேலை. நடவு, களை, அறுப்பு, மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்குவது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு மட்டும் அதோடு இன்னொரு வேலை இருந்தது. நடக்க முடியாதவர்களைத் தூக்குவது. பிள்ளை பிறக்காமல் தவிக்கிறவளைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள். கார்த்திகை சோமவாரத்தில் ஊர்க்கிழவிகளை நீலகண்டன் மலைக்குத் தூக்குவார்கள். சேரியில் யாராவது செத்தால் பாடையின் முன்கொம்பும் அவர்கள் தோளில்தான்.

அவருக்கு இரண்டு தோளிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்திருக்கும். கல்யாணமான புதிதில் அதைத் தொட்டு, வலிக்குமா என்று கேட்டேன். "அது இன்னாத்துக்கு எனக்கு வலிக்குது? மூங்கிலோடது அது, நான் சொமந்துக்கினு இருக்கறேன்" என்றார். அப்படித்தான் பேசுவார். சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் அடுப்பங்கரையில் தனியாகச் சிரித்துக்கொண்டு இருப்பேன்.

டோலி என்றால் ஒரு நீளமான மூங்கில், நடுவில் கயிற்றில் தொங்குகிற பலகை, முதுகு சாய ஒரு கித்தான் துணி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மலை ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் இருப்பவர் தோளில் இறங்கும். அவர் எப்போதும் பின்னால்தான். முன்னால் அவருடைய சித்தப்பா விருத்தாசலம். இரண்டு பேரும் கால் மாற்றி வைத்து நடப்பார்கள். சேர்ந்து வைத்தால் பலகை ஊஞ்சல் மாதிரி ஆடும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாந்தி வரும். அவர் தூக்கினால் ஆடாது. பத்து வருஷம் அந்த மலைக்குத் தூக்கினார். ஒருத்தர் காலில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அம்சா சொல்வாளா?

மலை பெரிய மலையல்ல. ஏறி, சாமி பார்த்து, இறங்க ஒரு பகல் போதும். பாறைமேல் பாறையை யாரோ தூக்கி வைத்த மாதிரி இருக்கும். பாதிவழியில் இடிந்த கோட்டைச் சுவர், அதன்மேல் குரங்குக் கூட்டம். உச்சியில் பாறையைக் குடைந்து செய்த ஈசுவரன் கோயில், பக்கத்தில் வற்றாத சுனை. எந்த ராஜா செய்ததோ எனக்குத் தெரியாது. படித்தவர்கள் வந்து சுவரிலிருக்கும் எழுத்தைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டு போவார்கள். கோயிலும் சுனையும் நான் கேட்டதுதான். நான் பார்த்தது மாத்துக்கல் வரைக்கும்.

முக்கால் மலை ஏறினால் மாத்துக்கல் வரும். கட்டில் அகலத்துக்குப் பலகை மாதிரி ஒரு பாறை. சேரிக்காரன் கால் அதற்குமேல் படக் கூடாது. டோலியை அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டு நாங்கள் பத்தடி கீழே இறங்கி நின்றுகொள்வோம். அதன்பிறகு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். ஒரே மூங்கிலில் ஒரே நேரத்தில் அவர்கள் கையும் எங்கள் கையும் இருக்கக் கூடாது. கீழே வழியில் பட்ட தீட்டெல்லாம் சுனையில் குளித்தால் போய்விடுமாம். மாத்துக்கல்லில் பட்டால் போகாதாம், சாமிக்கே ஒட்டிக்கொள்ளுமாம். அந்தச் சமயத்தில் தெற்கே பெரிய கோயில் ஒன்றில் நம்மவர்களை உள்ளே விட்டார்கள் என்று திண்டிவனம் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எங்கள் மலை ஏறி வரவில்லை.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மனிக்காரனுக்கும் சண்டை மூண்ட மறு வருஷம் அது. கார்த்திகை, கடைசி சோமவாரம். சுப்பராயலுவின் தாயார் ராஜாமணி அம்மாள் மலைக்குப் போக வேண்டும் என்றார்கள். எழுபது வயது, இரண்டு காலும் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தன. பேரன் நடராசன் அம்மையில் விழுந்து பிழைத்தான். அதற்கு வேண்டுதல். மழை மூன்று நாளாக அடித்து அன்று காலையில்தான் விட்டிருந்தது. அடுத்த வருஷம் போகலாம் என்று மகன் சொல்லிப் பார்த்தார். "அடுத்த வருசம் நான் இருப்பேன்னு எவன் எழுதிக் குடுத்தான்?" என்று கேட்டுவிட்டார்கள். "அந்த மாசிலாமணிய வரச்சொல்லு. மத்தவனுங்க தூக்கினா எருமை மேல குந்திக்கினு போற மாதிரி இருக்குது."

அந்த அம்மாளைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். நாக்கு கூர்மை, மனசில் ஒன்றும் கிடையாது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"ஏண்டா, மூச்சு வாங்குதா?"

"எனக்கு இல்லம்மா. மலைக்குத்தான் வாங்குது."

"நான் கனத்துப்போயிட்டேனாடா?"

"போன வருசத்துக்கு இந்த வருசம் எளைச்சுட்டீங்க. பாதி பாரம் உங்க வாயிதான், அது மட்டும் அப்படியே இருக்குது."

முன்னால் போன விருத்தாசலம் பயந்துபோய் இருமினார். அந்த அம்மாள் பலகை குலுங்கச் சிரித்தார்கள்.

பின்னால் நான் போனேன். மேலே பொங்கல் வைக்கிற விறகு என் தலையில். தூக்குகிறவர்களுக்குக் குடிக்க ஒரு சின்னக் குடம் தண்ணீர் இடுப்பில். வயிற்றில் மூன்று மாதம். சுப்பராயலுவும் வீட்டுப் பெண்களும் கோட்டைச் சுவரிடம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வருவதாகச் சொன்னார்கள். நடராசனும் அவர்கள் பங்காளி சக்கரபாணியும் முன்னாலேயே ஏறிப்போய் மாத்துக்கல்லில் காத்திருந்தார்கள். அங்கிருந்து அவர்கள் தூக்க வேண்டும். நடராசனுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குமுன் ஒரு மூட்டைகூடத் தோளில் வைத்ததில்லை.

மாத்துக்கல்லுக்கு வந்தால், கல்லின்மேல் மழைத்தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. பாசி பச்சையாகப் பிடித்திருந்தது. டோலியை இறக்கப் போனபோது பலகை ஒரு முழம் சறுக்கியது.

"ஐயய்யோ, இங்க வெக்காத. நான் வழுக்கிக்கினு கீழயே போயிடுவேன்" என்றார்கள் அந்த அம்மாள்.

மறுபடியும் தோளுக்கு ஏற்றிக்கொண்டார்கள். அவர் மேலே நின்ற நடராசனைப் பார்த்துச் சொன்னார். "சின்னாண்டே, இன்னும் பத்தடி மேல போனா தரை சமமா இருக்குது. அங்க வெச்சுட்டு எறங்கிடறோம்."

"மாத்துக்கல்லத் தாண்டி நீ காலு வெக்கப்போறியா?" என்றான் நடராசன்.

"பத்தடிதான் சின்னாண்டே."

"பத்தடிக்கு அப்புறம் கோயிலுக்குள்ள வர்றேம்ப. அப்படியே தோளு மாத்திக் குடுங்க."

கல்லுக்கு மேல்பக்கம் தோள் உயரத்தில் பாறையில் ஒரு பிளவு உண்டு. விருத்தாசலம் மூங்கிலின் முன்முனையை அந்தப் பிளவில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். சக்கரபாணி வந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். முன்பக்கம் முடிந்தது. பின்பக்கம் வைப்பதற்கு அப்படி ஒரு இடம் இல்லை. பாரம் முழுவதும் அவர் தோளில் இருந்தது. பின்பக்கம் எடுக்க வேண்டிய நடராசன் கல்லில் இறங்கி வந்து அவரை ஒட்டாமல் தள்ளி நின்றான்.

"மொதல்ல நீங்க புடிங்க சின்னாண்டே. பாரம் உங்க தோளுக்கு வந்ததும் நான் உட்டுடறேன்."

"உன்னோட சேந்து புடிக்கணுமா? இந்தக் கல்லுல நின்னுக்கினு?"

"மூங்கிலு நீளமாத்தான் இருக்குது. கை மேல கை படாது."

"மூங்கிலு ஒண்ணுதானடா?"

பலகையில் இருந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் என்னைத் தொங்கவுட்டுக்கினு பஞ்சாயத்து பேசாதீங்க. காலு மரத்துப்போவுது, ஜல்தி ஆவட்டும்."

"நீ கைய எடு. நான் புடிச்சுக்கறேன்" என்றான் நடராசன்.

அவர் பாசியில் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டார். பிறகு மூங்கிலைத் தோளிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி, நடராசனுக்கு எட்டுகிற மாதிரி நீட்டினார். "உடறேன் சின்னாண்டே" என்றார். "உடு" என்றான் அவன். கையை எடுத்தார். அவர் கை போய் நடராசன் கை வருவதற்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. அந்த ஒரு மூச்சு நேரம் மூங்கில் யார் கையிலும் இல்லை.

இதுதான் நடந்தது. இதில் எங்கே நழுவியது?

டோலி பின்பக்கமாக விழுந்தது. அவர் தாவி அந்த அம்மாளுக்குக் கீழே போய் விழுந்தார். உடம்பைத் தாங்கிவிட்டார். தலையைத் தாங்க முடியவில்லை. கல்லின் விளிம்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவருடைய இடது தோள் எலும்பு உடைந்த சத்தமும் அதோடு கேட்டிருக்க வேண்டும், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

 "சொனைத் தண்ணி கொண்டாறேன்" என்று நடராசன் மேலே ஓடினான். சக்கரபாணி கோட்டைச் சுவரிலிருந்து சுப்பராயலுவைக் கூப்பிட்டு வரக் கீழே ஓடினான். மாத்துக்கல்லில் நாங்கள் மூன்று பேரும் அந்த அம்மாளும்தான் மிஞ்சினோம். அவர் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாளின் தலை அவர் மடியில் இருந்தது. கீழே வைத்தால் ரத்தம் இன்னும் போகும் என்று வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார்கள். "தண்ணி" என்றார்கள்.

"வருதும்மா. சின்னாண்டே சாமித் தண்ணிக்குப் போயிருக்காரு."

"தண்ணி குடுடா."

"தோ வந்துடுவாரும்மா."

அந்த அம்மாளின் கண் என் பக்கம் திரும்பியது. குடத்தைப் பார்த்தார்கள். குரல் மெலிந்துபோயிருந்தது, ஆனாலும் அதே நாக்குதான். "அதுல இன்னா கள்ளா வெச்சிருக்க? குடுடி."

விருத்தாசலம் பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கலம்மா, எனக்குக் கண்ணு தெரியல" என்று பாறையிடம் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. நான் விறகைப் போட்டுவிட்டுக் குனிந்து, கையில் ஊற்றி, அந்த அம்மாளின் வாயில் விட்டேன். மூன்று வாய் குடித்தார்கள். நாலாவது வாய் ஓரமாக வழிந்து முந்தானையில் இறங்கியது. மேலேயிருந்து நடராசன் சுனைத் தண்ணீரோடும் கீழேயிருந்து சக்கரபாணி ஆட்களோடும் வரும்போது உயிர் இல்லை.

சாகிற வாயில் கடைசியாக யார் தண்ணீர் விட்டார்கள் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. மகன் விட வேண்டும், பேரன் விட வேண்டும். சேரிக்காரி விட்டாள் என்று தெரிந்தால் பண்ணை வீட்டில் அவர்கள் ஜனம் யாரும் கை நனைக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். எங்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கள் சேரிப் பையன் ஊர்க்கிணற்றில் கால் கழுவினான் என்று நாலு குடிசை எரிந்தது. அது வெறும் கால். மலை இறங்கும்போதே அவர் என்னிடம் சொன்னார், "பூமாலை, நீ இன்னைக்குக் குடமே எடுத்துக்கினு வரல."

மூன்றாம் நாள் காலையில் ஊர் எல்லை வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் மரத்தடியில், நாங்கள் வெயிலில். அவர் கையைத் துணியில் தூக்கிக் கட்டியிருந்தது.

"கைய நழுவ உட்டுட்டான்" என்றான் நடராசன்.

"நழுவல ஆண்டே" என்றார் அவர். "சின்னாண்டே எடுன்னாரு, எடுத்தேன். உடுன்னாரு, உட்டேன். நான் மொதல்ல புடிங்கன்னு கேட்டேன். பெரியம்மாவும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க."

அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். குரல் உயரவும் இல்லை, தணியவும் இல்லை. சுப்பராயலு நியாயம் தெரியாதவரல்ல. மகன் பக்கம் திரும்பினார். "நீ கைய எடுன்னு சொன்னியா?" என்று கேட்டார்.  நடராசன் காலால் மண்ணைக் கிளறினான். கூட்டமே அவனைத்தான் பார்த்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போது சக்கரபாணி எழுந்தான். "அதெல்லாம் இருக்கட்டும். நாங்க வரும்போது பெரியம்மா வாயோரம் ஈரமா இருந்துச்சு. முந்தானையும் நனைஞ்சிருந்துச்சு. மழைதான் காலையிலயே நின்னுப்போச்சே. நடராசன் தண்ணி கொண்டாறதுக்குள்ள அந்த ஈரம் எப்படி வந்துச்சு? அங்க குடம் யாரு வெச்சிருந்தாங்க?"

நடராசனை விட்டுவிட்டு எல்லார் கண்ணும் வெயில் பக்கம் திரும்பியது. 

"ஆண்டே" என்றார் அவர். "என் கைதான் நழுவிடுச்சி."

யாருக்கும் உடனே புரியவில்லை. அவரே மறுபடி சொன்னார். "பாசி வழுக்கிச்சு, கை நழுவிடுச்சி. பயந்துக்கினு சின்னாண்டே மேல பழி போட்டேன். தண்ணி கல்லு மேல ஓடிச்சு, அதுல உழுந்ததுல நனைஞ்சிருக்கும். தப்பு என்னுது."

கூட்டம் ஓவென்று அவர்மேல் பாய்ந்தது. சக்கரபாணி கேட்டது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. சுப்பராயலு மட்டும் சத்தம் போடவில்லை. இவரை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஈரத்துக்கு விடை தெரிய வேண்டாம் என்று அவரும் நினைத்தார் என்பது என் எண்ணம். "சரி, அவனே ஒத்துக்கினான். போதும்" என்று எழுந்துவிட்டார்.

தீர்ப்பு இதுதான். இவர் நடராசன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இனிமேல் டோலி தொடக் கூடாது, எந்த உயிருக்கும் எந்தப் பிணத்துக்கும் தோள் கொடுக்கக் கூடாது. குடிசையும் வயல்வேலையும் இருக்கலாம். உடைந்த தோளோடு மண்ணில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நானும் விருத்தாசலமும் தூக்கினோம்.

ஊர்க்காரர்கள் அன்றோடு மறந்துவிட்டார்கள். மறக்காதது எங்கள் சேரிதான். மார்கழியில் பக்கத்துக் குடிசைச் சின்னபொண்ணுவின் அப்பா செத்தார். இவருக்கு நெருங்கின கூட்டாளி. வலது தோளைக் கொடுக்கலாம் என்று போய்ப் பாடைக்குப் பக்கத்தில் நின்றார். "நீ வேணாம்பா. அவரும் உழுந்துடப்போறாரு" என்று ஒருவன் சொன்னான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இவர் ஒதுங்கி, பாடை போகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பிள்ளைகள் தெருவில் ஒருத்தனை ஒருத்தன் தூக்கிப் போட்டு விளையாடினால் அதற்கு மாசிலாமணி ஆட்டம் என்று பேர் வைத்தார்கள்.

அவர் பொறுத்துக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். களைவெட்டில், கிணற்றடியில், எங்கே யார் என்ன சொன்னாலும், "அவரு நழுவ உடல" என்று சண்டைக்குப் போவேன். "அப்ப யாரு உட்டது? அவரே ஏன் ஒத்துக்கினாரு?" என்று கேட்பார்கள். அதற்குமேல் பேச முடியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவரிடம் பாய்வேன்.

"நான் போயி எல்லாத்தயும் சொல்லிடப்போறேன்."

"இன்னான்னு சொல்லுவ?"

"நடந்தத சொல்லுவேன்."

"எதுவரைக்கும் சொல்லுவ? அவன் உடுன்னு சொன்ன வரைக்குமா, நீ தண்ணி ஊத்துன வரைக்குமா? ஒண்ணச் சொன்னா இன்னொண்ணு தானா வந்துடும்."

"உன்னை நாய் மாதிரி பேசுறானுங்களே."

"பேசிட்டுப் போறாங்க. காதுக்குள்ள தீ வெக்கல இல்ல?"

மாசியில் மல்லாட்டை பிடுங்கினோம். கொடிக்கட்டுகளை வண்டிமேல் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிறு தள்ளிவிட்டது. மேற்பார்வைக்கு நடராசன் வரப்பில் நின்றான். ஒரு கட்டு சரிந்தது. "இறுக்கிப் புடிம்மே" என்றான், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. "உன் வூட்டுக்காரன் மாதிரி உட்டுடாத."

எனக்கு என்ன வந்ததோ. கட்டைக் கீழே போட்டேன். "சின்னாண்டே, யாரு உட்டதுன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். உங்க ஆயா வாயத் தொறந்து கேட்டப்ப அங்க இருந்தது நான்தான், நீங்க இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வயலில் அவ்வளவு பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். நடராசன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஆயா இன்னா கேட்டாங்க?" என்றான்.

நான் குனிந்து கட்டை எடுத்துக்கொண்டேன். அவன் இன்னொரு தரம் கேட்டான். நான் கட்டை வண்டிமேல் ஏற்றினேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் சக்கரபாணி சேரி முனையில் வந்து நின்றான். அவன் அதுவரை அங்கே வந்ததில்லை. விருத்தாசலத்தைக் கூப்பிட்டு, அன்றைக்கு மலையில் குடம் இருந்ததா இல்லையா என்று கேட்டான். விருத்தாசலம் கண் தெரியாது என்றார். "காலையில வர்றேன். யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனான். விருத்தாசலம் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, "பொண்ணே, உன் வாயில நெருப்ப வெச்சுக்கினு கூரை வூட்ல குந்தியிருக்கியே" என்றார். எனக்கு அழுகை வந்தது. 

மறுநாள் விடிந்து வெயில் ஏறியது. நான் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தேன். குடித்தார். மாற்று வேட்டியைத் துண்டில் சுற்றினார்.

"எங்க போற?"

"விழுப்பொரம். ரயிலு ரோட்டுல கல்லு கொட்ற வேலை இருக்குதாம்."

"ஒத்தத் தோளு வெச்சுக்கினு கல்லு கொட்டுவியா?"

"கேட்டுப் பாக்கறேன்."

"நானும் வர்றேன்."

"நீயும் வந்தா எல்லாரும் ஓடிப்போயிட்டாங்க, அப்ப குடம் இருந்துச்சுன்னு ஆயிடும். நீ இங்கயே இருக்கணும். எப்பவும்போல வேலைக்குப் போவணும். நான் இருக்கற வரைக்கும் நீ எனக்காக வழக்குப் பேசிக்கினே இருப்ப. என்னிக்காவது முழுசா சொல்லிடுவ. நான் இல்லாட்டி நீ யாருக்காகப் பேசப்போற?"

"பொய் சொன்னது நீ" என்றேன். "நான் உன்னைக் கேட்டனா? என்னைக் காப்பாத்துன்னு கால்ல உழுந்தனா? போ. போயி அங்கயே இரு." அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது. இதையும் நான் மறைக்க மாட்டேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். எழுந்து, தலை குனிந்து, வாசலைத் தாண்டினார்.

தெருமுனையில் சக்கரபாணி அதற்குள் வந்திருந்தான். விருத்தாசலம் கைகட்டிக்கொண்டு அவன் முன் நின்றார். பெண்கள் தண்ணீர் தூக்கிக்கொண்டு இருந்தார்கள். அவர் நேராகச் சக்கரபாணிக்கும் சித்தப்பாவுக்கும் முன்னால் போய் நின்றார். எப்போதும் தெருவில் சத்தம் போட்டுப் பேசாத மனிதர், அன்றைக்குப் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"சித்தப்பா, நான் போறேன். பெரியம்மாவ நழுவ உட்டது நான்தான். என் பொண்டாட்டிக்கு அது பொறுக்கல, வாய்க்கு வந்தத ஒளறிக்கினு இருக்கறா. அவ அங்க ஒண்ணையும் பாக்கல, வெறகு தூக்கிக்கினு கீழ நின்னா. இந்த மூஞ்ச வெச்சுக்கினு இனிமே இங்க இருக்க முடியாது. யாரும் அவள ஒண்ணும் கேக்காதீங்க."

சக்கரபாணி அவரைப் பார்த்துவிட்டு, திரும்பி எங்கள் வாசல் பக்கம் பார்த்தான். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் துண்டை வலது தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே, ரயில் ரோட்டுப் பக்கம் நடந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.